இரண்டு வீட்டுத் துப்பாக்கி

கச்சிராயபாளையத்திலிருந்து அணைக்கட்டுக்குப் போகிற ரோட்டில் அந்தக் காலத்தில் மாடி வைத்துக் கட்டிய வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாவாடை வீடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷன். கையெழுத்துப் போடச் சொன்னால் 'பா' போட்டுவிட்டு ஒரு மூச்சு வாங்கித்தான் மீதியைப் போடுவார். ஆனால் ஐந்து ஏக்கர் நஞ்சை, ஏழு ஏக்கர் மரவள்ளிக் காடு, மோட்டார் போட்ட ரெண்டு கிணறு, இந்த மாடி, எல்லாம் அவர் தோளில் சுமந்து சம்பாதித்தது. அப்பன் வழியில் அவருக்கு வந்தது பேர் மட்டும்தான். அதுவும் சாமி பேர்.

இத்தனை இருந்தும் ஊர் அவரை அடையாளம் சொன்னது வேறொன்றை வைத்து. துப்பாக்கிப் பாவாடை. கள்ளக்குறிச்சியில் இறங்கி அந்தப் பேரைச் சொன்னால் போதும், வண்டிக்காரன் மறுபேச்சு இல்லாமல் வாசலில் கொண்டுவந்து விடுவான்.

கல்வராயன் மலையில் துப்பாக்கி ஒன்றும் அதிசயமில்லை. கரிமருந்து கிட்டித்து வெடிக்கிற ஆளுயர நாட்டுத் துப்பாக்கி அங்கே உண்டு. பாவாடையிடம் இருந்தது அந்த வகை இல்லை. சீமையில் செய்தது. பாயிண்ட் டூ டூ ரைபிள் என்பார்கள். தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். குழலுக்கு அடியில் ஒரு சின்ன நாக்கு. அதைத் தள்ளிவிட்டுக் கால் சுற்றுத் திருப்பினால் துப்பாக்கி ரெண்டாகக் கழன்று கையோடு வரும். குழல் ஒரு பாதி. விசையும் கட்டையும் சேர்ந்து மறு பாதி. ரெண்டும் ரெண்டு அடிக்கு உள்ளேதான். துணிப்பையில் போட்டு மேலே நாலு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் கூடத் தெரியாது. தோட்டா போடுகிற இடமும் கட்டைக்குள்தான். உள்ளே ஒரு குழாய் ஓடும், அதில் பத்து தோட்டா வரிசையாக நிற்கும்.

அது அவர் கைக்கு வந்த கதையை ஊரில் கேட்காதவர் கிடையாது. பதினாறு வயதில், மலையில் கல்லும் மண்ணும் ஆராய வந்த சர்வே ஆபீசர் ஒருவருக்கு மூட்டை தூக்கப் போனார் பாவாடை. மலைக்காரப் பையன் சின்னராசுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆபீசர் மாதக் கணக்கில் காட்டிலேயே கிடப்பார். வழி தப்பினால், அரிசி தீர்ந்தால், உயிரைப் பிடித்துக்கொள்ள என்றுதான் அந்தக் கழற்றித் துப்பாக்கியை வைத்திருந்தார். அது ஒரு ஐப்பசியில் வேலைக்கு வந்தது. முன்னும் ஓடை, பின்னும் ஓடை, நடுவில் ஒரு குகை, அதற்குள் ஐந்து பேர். ஒன்பது நாள் மழை விடவில்லை. ஆபீசருக்குக் காய்ச்சல். துப்பாக்கியைப் பாவாடை கையில் எடுத்தார். முயல், புறா, காட்டுக்கோழி. பதினேழு தோட்டாவில் பதினாலு உயிர் விழுந்தது. தப்பிப்போன மூன்றும் ஆபீசர் காய்ச்சலோடு எழுந்து வந்து சுட்டது என்பார் பாவாடை.

அந்த ஆபீசர் கூடாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று ஆபீசர் திட்டினார். சாராயம் போட்டிருந்த சமையல்காரன் மூலையில் பொருத்தி வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டிவிட்டான். சின்னராசு கையைத் தட்டிவிட்டதால் குண்டு கெட்டிலைத் துளைத்துக்கொண்டு போயிற்று. மறுநாளிலிருந்து ஆபீசர் ஒரு பழக்கம் வைத்தார். குழல் பாவாடை மூட்டையில் போகும். கட்டை சின்னராசு மூட்டையில் போகும். ரெண்டு பேரும் வந்து பக்கத்தில் நின்றால்தான் அது துப்பாக்கி.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஆபீசர் ஊரைப் பார்க்கப் போனபோது, முள்ளம்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்று எழுதி, பாவாடை பேரில் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துத் துப்பாக்கியையும் கொடுத்துவிட்டுப் போனார். பழக்கத்தை இவர்கள் விடவில்லை. குழல் கீழே பாவாடை வீட்டில். கட்டை மேலே, கரியாலூர் போகிற வழியில், சின்னராசு வீட்டில். லைசென்ஸ்காரன் துப்பாக்கியில் பாதியை இன்னொருவன் வீட்டில் வைப்பது சட்டப்படி தப்பு. பாவாடைக்கு அது தெரியும். போலீசுக்குத் தெரியாது. வருஷா வருஷம் காட்டச் சொல்லும்போது கட்டையை இறக்கிக்கொண்டு வருவார், காட்டுவார், திரும்ப ஏற்றிவிடுவார்.

சில நேரம் பாவாடைக்குப் பதில் அவர் சம்சாரம் அமிர்தமோ தம்பியோ மலைக்குப் போவதுண்டு. அதற்கு ஒரு அடையாளம். பாவாடை முதன்முதலாகச் சுட்ட தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடு. அதன் விளிம்பில் சின்னராசு கத்தியால் ஒரு வெட்டு வைத்திருந்தார். அதைக் கொண்டுவருகிறவரிடம் ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டையைக் கொடுக்கவேண்டும். பாவாடை அந்தக் கூட்டைத் துளை போட்டு மோட்டார் கொட்டகைச் சாவிக் கயிற்றில் கோத்து இடுப்பில் செருகியிருப்பார்.

இதை மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாவாடைக்கு அது முடியாது. ராணியம்மாள் டீக்கடையில் உட்கார்ந்தால் கயிறு வெளியே வந்துவிடும்.

"இதோ பாரு. இத்த எடுத்துக்கினு ஒரு கொழந்த போனாக்கூட மலையிலேர்ந்து துப்பாக்கி எறங்கும். எந்த கவுர்மெண்டுல இருக்குது இந்த ஏற்பாடு, சொல்லு பாக்கலாம்!"

"எங்க டீக்கடையில இருக்குது. இத்தக் காட்டியே நாலு டீ ஓசியில எறங்கிடுச்சி உனக்கு," என்பாள் ராணியம்மாள்.

கடை சிரிக்கும். பாவாடையும் சிரிப்பார். ஓரத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தமிழரசன் மட்டும் சிரிக்கமாட்டான். அவன் பாவாடையின் ஒரே மகன்.

அது எண்பத்தேழாம் வருஷம். வேலையிலும் படிப்பிலும் இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னாற்காடு ஜில்லா முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. புரட்டாசி பிறக்கிற வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். தமிழரசன் பி.ஏ. ஆறு இன்டர்வியூ போய்விட்டு ஆறிலும் வெறும் கையோடு வந்தவன்.

"நான் எந்த சர்க்காரக் கேட்டுடா மாடி கட்டினேன்?" என்பார் அப்பா.

"நீ மூட்ட தூக்கன. நான் பி.ஏ. படிச்சிட்டு மூட்ட தூக்கணுமா நைனா?"

"தூக்கினா இன்னாடா கொறைஞ்சி பூடுவ?"

ஆவணி மாசம்வரை இது வாய்ச்சண்டையாகத்தான் இருந்தது. ஆவணியில் தமிழரசனின் சிநேகிதன் பாரதியைத் தியாகதுருகம் பக்கம் ஒரு கூட்டத்தில் வைத்து அடித்துவிட்டார்கள். அடித்தவர்கள் வெளியூர் அடியாட்கள். இவன்தான் என்று விரல் நீட்டிக் காட்டியவன் ஜீப்பில் வந்த ஒரு உள்ளூர்க் காண்ட்ராக்டர். பாரதியின் வலது கை விரல் மூன்று போயிற்று. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தமிழரசன் அன்றோடு அப்பாவிடம் சண்டை போடுவதை நிறுத்தினான். சாப்பிட்டான், வயலுக்குப் போனான், கேட்டால் பதில் சொன்னான். பையன் அடங்கிவிட்டான் என்று பாவாடை நினைத்தார். அமிர்தம் நினைக்கவில்லை.

"இன்னாங்க, அவன் சோத்தப் பாத்து சாப்புடல. கெணத்தப் பாக்கற மாதிரி பாத்துக்கினே சாப்புடறான்," என்றாள்.

"கம்முனு கெட. வயசு."

மறியலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஏட்டு சைக்கிளில் வந்தார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும், மறியல் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"நான் ஆபீசர் கையால வாங்கனவன். என் துப்பாக்கி எங்க வூட்டுலதான் இருக்கும்," என்றார் பாவாடை.

"இருக்கட்டும் பெரியவரே. புதன்கெழம ஆறு மணிக்கு அது எங்க வூட்டுல இல்லன்னா நீங்க எங்க வூட்டுல இருப்பீங்க," என்றார் ஏட்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் சிரிப்புக்காகவே பாவாடை சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அசையவில்லை. கூப்பிட்டதும் ஓடுகிறவன் பாவாடை இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று இருந்தார். செவ்வாய்க்கிழமை விடிகாலையில்தான் மலைக்குக் கிளம்பினார். மரத்தை வெட்டி ரோட்டில் போடுவார்கள் என்று பயந்து மலை பஸ்ஸை அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் ஏறினார். ஐம்பத்தோரு வயசிலும் அவர் ஏறுகிற வேகத்துக்கு இளவட்டம் மூச்சு வாங்கும். ஆனால் அன்றைக்கு வழி சரியாகத் தோன்றவில்லை. விறகுக்கு வருகிற பெண்களைக் காணோம். மாடு மேய்க்கிறவன் ஒருத்தன் கூட இல்லை. கீழே பார்த்தால் கச்சிராயபாளையம் ரோடு ஒரு வண்டி இல்லாமல் செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

சின்னராசு வீட்டு முற்றத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. கோழியை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"வா அண்ணே. நடந்தா வந்த?"

"பஸ்ஸு ஏதுடா. நாளைக்குள்ள ஸ்டேஷன்ல கொண்டாந்து வெக்கணுமாம். கட்டைய எடு."

"எந்தக் கட்டைய?"

"உங்க மாமியார் பாடையில போன கட்டைய! துப்பாக்கிக் கட்டைடா."

சின்னராசு சிரிக்கவில்லை. "அத்ததான் ஞாயித்துக்கெழமையே தமிழு வந்து வாங்கிக்கினு போச்சே. நீ அனுப்பனன்னு சொல்லிச்சி."

"நான் அனுப்பனனா?"

"கூடு கொண்டாந்து குடுத்துச்சி அண்ணே. கூடு வந்தா நான் கேக்கக் கூடாதே." கூரை எரவாணத்தில் கையை விட்டு ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து நீட்டினார். விளிம்பில் வெட்டு இருந்தது.

பாவாடை இடுப்பிலிருந்து சாவிக் கயிற்றை உருவினார். கயிற்றிலும் ஒரு கூடு இருந்தது. அதே மாதிரி துளை, அதே மாதிரி கறுத்த பித்தளை. கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். சுற்றித் தடவினார். வழவழவென்று இருந்தது. எத்தனை நாளாகவோ அந்த வழவழப்பைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு டீக்கடையில் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"உள்ள தோட்டா இருந்துச்சா?"

"பத்தும் இருந்துச்சி."

"தமிழு வேற எதுனா சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. கூழு குடிக்கச் சொன்னேன். குடிச்சிச்சி. போவும்போது, சின்னராசு மாமா, நீங்க இத்தக் குடுத்தீங்கன்னு யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு சொல்லிச்சி." சின்னராசு பாவாடை முகத்தைப் பார்த்தார். "அண்ணே, குழல் எங்க இருக்குது?"

வீட்டில் இருந்தது. வழியில் சோதனை இருக்கும் என்று குழலை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் மலை ஏறி வந்திருந்தார். இப்போது கட்டை கீழே, குழலும் கீழே, மகனும் கீழே. மேலே இருப்பது அவர் ஒருத்தர்தான்.

தண்ணீர் கூடக் குடிக்காமல் இறங்கினார். மூன்று மணி நேரப் பாதை. ரெண்டு முறை விழுந்தார். ரெண்டாவது முறை எழுந்தபோது கீழே எங்கேயோ டப்பென்று ஒரு சத்தம். நின்று காதைக் கொடுத்தார். கோடாலிச் சத்தம். ரோட்டோரப் புளியமரத்தை யாரோ இப்போதே வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று நின்று, இது மரம்தானா என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

வீட்டு வாசலில் நெல் சிதறிக் கிடந்தது. நெற்குதிரைக் கவிழ்த்து, பரணைக் கலைத்து, சாமி மாடத்து விளக்கைக் கூட நகர்த்திப் போட்டிருந்தது. நடுவில் அமிர்தம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாத்தயோ தேடறான். எங்க வெச்சிருக்குதுன்னு எங்கிட்ட கேட்டான். நெஜமாவே எனக்குத் தெரியாதுடான்னேன். அவன் தல மேல அடிச்சி சத்தியம் பண்ணச் சொன்னான்."

"இப்போ எங்க?"

அவள் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள்.

மோட்டார் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. சாவி பாவாடை இடுப்பில் இருந்தது, பூட்டு உடைந்து கீழே கிடந்தது. உள்ளே பழைய இரும்புக் குழாய்களை அடுக்கிவைத்த அட்டியின் மேல் தமிழரசன் உட்கார்ந்திருந்தான். மடியில் துப்பாக்கிக் கட்டை. பாவாடையின் பழைய துண்டில் சுற்றியிருந்தான்.

அந்த அட்டியில், அவன் காலுக்குக் கீழே மூன்றாவது வரிசையில், ரெண்டு முனையிலும் துணி அடைத்த ஒரு குழாய் இருந்தது. ரைபிள் குழல் அதற்குள் இருந்தது.

பாவாடை அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குழல் எங்க நைனா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும். வியாழக்கெழம ரோடு பூரா கூட்டமா இருக்கும். எவன் எங்க இருந்தான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தக் காண்ட்ராக்டரு ஜீப்பு மரம் கெடக்கற எடத்துல நின்னுதான் ஆவணும்."

"தூக்குல போட்டுடுவாங்கடா."

"தெரிஞ்சாதான? நீதான சொல்லுவ. பையில போட்டு மேல நாலு கத்தரிக்கா வெச்சா பக்கத்துல ஒக்காந்தவனுக்கும் தெரியாதுன்னு. சத்தம் கம்மி, வெரல் சொடுக்கற மாதிரிதான் கேக்கும்னு. அணை ஷட்டர் மேல ஒக்காந்த காக்காவ புளியமரத்துலேர்ந்து அடிச்சேன்னு. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கினுதான இருக்கேன்."

அத்தனையும் அவர் சொன்னதுதான். ஒரு வார்த்தை கூட மாறாமல் மகன் மனப்பாடமாக வைத்திருந்தான்.

குழலை எடுத்துக்கொண்டுபோய் நாளைக்கு ஸ்டேஷனில் வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. வைத்தால் மீதிப் பாதி எங்கே என்பார்கள். மீதிப் பாதி என்றால் மகன். அது ஆகாது. மகனுக்குத்தான் கதை சொல்லவேண்டும். வாழ்நாள் முழுக்கக் கதை சொன்ன வாய்தான். தமிழரசன் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தான். குழாய்கள் ஒன்றோடொன்று உரசின. அந்தச் சத்தத்தில்தான் பாவாடைக்கு வாய் திறந்தது.

"நான் இன்னா கேனையனாடா? போலீசு கேட்டான்னா ஒடனே நீட்டறதுக்கு? காலையிலயே குழல எடுத்துக்கினுதான் மலை ஏறினேன். ஒம்போது நாள் கெடந்தம் பாரு, அந்தக் குகையில சொருகிட்டு வந்துட்டேன். எவன் வந்து கண்டுபுடிக்கறான் பாக்கலாம்!"

பழைய பெருமைக் குரல் அப்படியே வந்தது. தமிழரசன் அவரையே பார்த்தான். காலில் மலைச்சேறு. முழங்காலில் ரத்தம். வேட்டியில் கிழிசல். மலைக்குப் போய் வந்தவர்தான். அப்பா இப்படித்தான் செய்வார் என்று அவனுக்கு நம்பத் தோன்றியிருக்கவேண்டும்.

"குகையில எங்க?"

"உள்ள எடப்பக்கம், பாறை இடுக்குல. போவ ஒரு நாள் ஆவும், வர ஒரு நாள் ஆவும். போவாத. சொன்னா கேளுடா தமிழு."

போகாதே என்றதும் அவன் எழுந்துவிட்டான். கட்டையைத் துணிப்பையில் போட்டான்.

"அத்தயாவது வெச்சிட்டுப் போடா."

"வெச்சா நீ ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு பூடுவ."

கொல்லைப் படலைத் தாண்டி மலைப் பக்கமாகப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முதுகு கரும்புக்குள் மறைகிறவரை பாவாடை ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு மூன்றாவது வரிசைக் குழாயை உருவித் தோளில் வைத்தார். சாயங்காலம் தோளில் இரும்புக் குழாயோடு அணைப் பக்கம் போகிற விவசாயியை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மதகுக்குக் கொஞ்சம் தள்ளி, உடைந்த படிக்கல் இருக்கிற இடத்தில் கோமுகி அணைத் தண்ணீர் கறுத்து நின்றது. குழாயோடு குழலை விட்டார். குமிழி கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் ஐந்து பேருக்குச் சோறு போட்டது. மூட்டைக்காரப் பையனை ஊருக்குள் ஒரு ஆளாக நிற்க வைத்தது. குமிழி நின்ற பிறகுதான் திரும்பினார்.

புதன்கிழமை ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வெறும் கையோடு போனார். மலையிலிருந்து கொண்டுவரும்போது ஓடையில் கால் சறுக்கியது, பையோடு போய்விட்டது என்றார். யாரும் நம்பவில்லை. ஊர் எரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் ஒரு ரைபிளைக் காணோம் என்றால் எவன் நம்புவான்? யாருக்குக் கொடுத்தாய் என்று பதினோரு நாள் கேட்டார்கள். கேட்ட விதத்தை அவர் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. பாவாடை வாயை அடக்கிக்கொண்டு இருந்தது தன் ஆயுசில் அந்தப் பதினோரு நாள்தான். ஓடை, பை, கால் சறுக்கியது. அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. லைசென்ஸ் போயிற்று, கேஸ் நடந்தது, வலது காது அடைத்துப்போயிற்று.

தமிழரசன் குகையை ரெண்டு நாள் துழாவிவிட்டு, ஏமாந்து, சனிக்கிழமை இறங்கி வந்தான். ரோடெல்லாம் மரமும் போலீசுமாக இருந்தது. சோதனைக்குப் பயந்து பையை ஒரு ரோட்டோர மதகடியில் செருகிவிட்டுக் கூட்டத்தோடு நின்றான். நின்ற இடத்திலேயே நூறு பேரோடு அவனையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இருபது நாள் கழித்து வெளியே வந்து மதகடியில் கையை விட்டால் பையைக் காணோம்.

அன்றைக்கு அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"எவன் எடுத்தான்னு தெரியல நைனா."

"தோட்டா?"

"பத்தும் உள்ளதான் இருந்துச்சி."

அவ்வளவுதான் பேச்சு. அமிர்தம் மோர் ஊற்றினாள்.

ரெண்டு வருஷம் போயிற்று. கேட்ட இட ஒதுக்கீடு ஆர்டராக வந்தது. தமிழரசனுக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. போலீஸ் விசாரணை ரிப்போர்ட் மட்டும் வரவேண்டியிருந்தது. சேர்ந்து ஆறு மாசமாகியும் அது வரவில்லை. அந்தக் குழலோ கட்டையோ யார் கையிலாவது முளைத்தால் வேலை மட்டும் போகாது என்று பாவாடைக்குத் தெரியும். ஒவ்வொரு சித்திரையிலும் அணைத் தண்ணீர் வற்றும்போது விடிகாலையில் கரைக்குப் போய் உட்காருவார். உடைந்த படிக்கல்லுக்குக் கீழே தண்ணீர் இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பார். முதல் சித்திரையும் நின்றது. ரெண்டாவதும் நின்றது.

அவர் அதோடு இருந்திருக்கலாம். மகனுக்கு வேலை வந்த சந்தோஷம், மறுபடி டீக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது. மூன்றாவது வருஷம் மாசி மாசம், எவனோ கிண்டலுக்குச் சொன்னான்: "ஓடை அடிச்சிக்கினு போன துப்பாக்கியில மீனு சுடுதாம் பெரியவரே!"

கடை சிரித்தது. பாவாடைக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓடையா? என் கையில இருந்தத ஓடை புடுங்கிடுமா? போலீசே பதினோரு நாள் கேட்டுப் பாத்தான். அது நம்ம தண்ணியிலதான் ஜம்முனு கெடக்குது. ஷட்டரப் பாத்துக்கினு கெடக்குது. என்னைத் தவுர எவனுக்கும் தெரியாது!"

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். ராணியம்மாள் மட்டும் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடைக்குள் இருந்தவர்களை ஒரு தரம் எண்ணுவது மாதிரிப் பார்த்தாள். ஓரத்து பெஞ்சில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் இருந்தான். ஊர்க்காரன் இல்லை. டீயை முடிக்காமல் எழுந்து போனான்.

அந்த வருஷம் பங்குனியிலேயே தண்ணீர் படுத்துவிட்டது. பாவாடை கரையில் இறங்கும்போது கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. மதகுக்குத் தள்ளி உடைந்த படிக்கல்லுக்குக் கீழே சேறு வெளியே தெரிந்தது. சேற்றில் துளைகள். யாரோ கம்பியால் குத்தியிருந்தார்கள். மதகிலிருந்து தொடங்கி, சாணுக்கு ஒன்றாக, நெல் நாற்று நட்ட மாதிரி வரிசையாக வந்திருந்தது. கடைசித் துளையில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து படிக்கல்லுக்கு ரெண்டு முழம்கூட இல்லை.

வேட்டியை அவிழ்த்துக் கல்மேல் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். தொடைவரை உள்ளே போயிற்று. காலால் துழாவினார். இடது பாதத்தில் குளிர்ந்த இரும்பு தட்டியது. உருண்டையாக, நீளமாக. எடுத்துக்கொண்டு வேறெங்காவது போய்விடலாம் என்று குனிந்தார்.

"இன்னா பெரியவரே, காலங்காத்தால இன்னா தேடறீங்க?"

கரைமேல் ஒரு சைக்கிள் நின்றது. ஸ்டாண்டு போடவில்லை, ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். டீக்கடை வெள்ளைச் சட்டை. ஹாண்டில்பாரில் ஒரு துணிப்பை தொங்கியது. பைக்கு மேலே கத்தரிக்காய் தெரிந்தது, அடியில் ஏதோ கட்டை புடைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லபா. தண்ணி எவ்ளோ கம்மியாச்சின்னு பாக்கறேன்."

"பாருங்க, பாருங்க. நிதானமா பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சைக்கிளை மரத்தில் சாய்த்தான். பையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, அவர் வேட்டி கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான்.

பாவாடை நிமிர்ந்து நின்றார். பாதத்தைக் குழாய் மேலிருந்து எடுக்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கியது.